பொட்டோசியின் வெள்ளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் குடியேறியது பற்றிய உங்கள் கட்டுரையில், ஸ்பெயின் பறித்துக்கொண்ட தங்கத்தைவிடத் தோண்டி எடுத்த வெள்ளிதான் பெரிய விஷயம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் இன்று பொலிவியாவில் இருக்கும் வெள்ளிச் சுரங்க நகரமான பொட்டோசியை ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். எனக்கு மூன்று கேள்விகள்.

1545இல் கண்டுபிடித்த மலையில் இருபது ஆண்டுகளில் வெள்ளி தீர்ந்துபோகும் நிலை வந்தது என்றும், பிறகு திடீரென்று பல மடங்கு பெருகியது என்றும் படித்தேன். ஒரே மலை, ஒரே தாது. என்ன மாறியது? பாதரசம் என்று ஒரு வரியில் சொல்கிறார்கள். பாதரசம் அங்கே என்னதான் செய்தது?

இரண்டாவது, அந்தச் சுரங்கத்தில் எண்பது லட்சம் பூர்வகுடிகள் இறந்தார்கள் என்று இணையம் முழுக்க இருக்கிறது. நம்பலாமா? வகுப்பில் சொல்லலாமா?

மூன்றாவது, அந்த வெள்ளியில் ஏதாவது நம் கரைக்கு வந்ததா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதலில் ஓர் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ 1532இல் பெருவின் கஹாமார்க்காவில் இன்கா மன்னர் அட்டவால்ப்பாவைச் சிறைபிடித்தார். விடுதலைக்கு ஈடாக அறை நிறையக் குவிந்த பொருட்களை உருக்கியபோது கிடைத்தது சுமார் 6 டன் தங்கம், 12 டன் வெள்ளி. வாங்கிக்கொண்டு மன்னரைக் கொன்றும் விட்டார்கள். பாடப்புத்தகங்கள் இந்தக் காட்சியோடு நின்றுவிடுகின்றன. பொட்டோசியின் செர்ரோ ரிக்கோ மலை தன் உச்சக் காலமான 1590களில் ஓர் ஆண்டுக்கு மட்டும் 200 டன்னை ஒட்டி வெள்ளி கொடுத்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகம் முழுவதும் எடுத்த வெள்ளியில் பாதிக்கு மேல் இந்த ஒரு மலையிலிருந்து வந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணிப்பு. கொள்ளை ஒரு முறை நடந்து முடிந்தது. சுரங்கம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. காலனியம் எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டுமானால் சுரங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் முதல் கேள்வியின் விடை, பாதரசத்துக்கு முன்னால் வெள்ளி யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. ஆண்டிஸ் மக்களுக்கு வெள்ளி உருக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டோசிக்கு அருகில் போர்க்கோ என்ற இடத்தில் இன்காக்கள் வெள்ளிச் சுரங்கம் நடத்தினார்கள். பொட்டோசிக்குப் பக்கத்து ஏரி ஒன்றின் அடிச் சேற்றில் படிந்திருக்கும் ஈயத்தை ஆராய்ந்தவர்கள், ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த வட்டாரத்தில் உலை எரிந்திருக்கிறது என்கிறார்கள். 1545இல் செர்ரோ ரிக்கோவின் தாதைக் கண்டவரும் தியேகோ வால்ப்பா என்ற ஆண்டிஸ்காரர்தான்.

அவர்களுடைய உலைக்கு குவைரா என்று பெயர். களிமண்ணால் செய்த, ஆள் மார்பளவு உயர உலை. சுற்றிலும் துளைகள். துருத்தி கிடையாது. மலைச்சரிவில் காற்று அடிக்கும் முனையில் வைத்துவிடுவார்கள், காற்றே ஊதும். எரிபொருள் லாமாச் சாணமும் இச்சு என்ற புல்லும். தாதோடு ஈயத்தாது சேர்த்து உருக்கினால் ஈயம் வெள்ளியை வாரிக்கொண்டு கீழே இறங்கும். அந்தக் கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறு உலையில் புடம் போட்டு ஈயத்தை ஓட்டிவிட்டால் மிஞ்சுவது வெள்ளி. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. ஸ்பானியர் கொண்டுவந்த துருத்தி உலைகள் அங்கே சரிவர வேலை செய்யவில்லை, குவைரா செய்தது. இரவில் மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான உலைகள் எரிவது தெரிந்தது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதனால் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் சுரங்கத்தின் உரிமை ஸ்பானியரிடம் இருந்தாலும், உருக்கும் தொழில் முழுக்க ஆண்டிஸ் மக்களின் கையில் இருந்தது. தாதை வெட்டியவர் தன் பங்குத் தாதைச் சந்தையில் விற்பார். உலைக்காரர் வாங்கி உருக்குவார். ஸ்பானிய முதலாளி அந்த வெள்ளியைத்தான் வாங்க வேண்டும். இது நியாயமான ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தொழில்நுட்பம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேரம் பேசும் பலமும் கொஞ்சம் இருந்தது.

குவைராவுக்கு ஒரே குறை, செழிப்பான தாதுதான் வேண்டும். மலையின் மேற்பகுதியில் காற்றும் மழையும் பட்டு மாறிய தாதில் வெள்ளி கொழுத்துக் கிடந்தது. கீழே இறங்க இறங்க விகிதம் குறைந்தது. குறைந்த தாதை உருக்கினால் எரிபொருள் செலவுக்கே கட்டாது. ஆகவே வெட்டி எடுத்த தாதில் பெரும்பகுதியைச் சுரங்க வாயிலில் அப்படியே கொட்டிவிட்டார்கள். 1560களில் நீங்கள் படித்த அந்தச் சரிவு வந்தது. வெள்ளி தீரவில்லை. அன்றைய உலையால் எடுக்க முடிந்த வெள்ளி தீர்ந்தது.

அப்போதுதான் பாதரசம் வந்தது. செவில் நகரத்து வணிகர் பர்த்தலோமே தே மெதீனா 1550களின் நடுவில் மெக்சிகோவின் பச்சூக்காவில், தாதிலிருந்து வெள்ளியைப் பாதரசத்தால் பிரிக்கும் முறையைத் தொழில் அளவில் நடத்திக் காட்டினார். 1564இல் பெருவின் வான்காவெலிக்காவில் பாதரசத் தாதான சாதிலிங்கத்தின் பெரிய படிவம் ஒன்று ஸ்பானியருக்குத் தெரியவந்தது. பூர்வகுடிகள் அதை முகத்தில் பூசும் சிவப்புச் சாயமாக நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். 1570களின் தொடக்கத்தில் பெட்ரோ பெர்னாந்தெஸ் தே வெலாஸ்கோ பொட்டோசியின் குளிருக்கும் தாதுக்கும் ஏற்றபடி முறையைத் திருத்தினார். உடனே நடந்தது என்னவென்றால், கால் நூற்றாண்டாகச் சுரங்க வாயில்களில் கொட்டிக் கிடந்த குவியல்கள் சொத்தாயின. புதிதாகத் தோண்டவே வேண்டாம், அள்ளினால் போதும். அடுத்த இருபது ஆண்டுகளில் உற்பத்தி ஐந்து மடங்குக்கு மேல் ஏறியதற்கு முதல் உந்துதல் இந்தக் குப்பைமேடுதான்.

இனி வேலை நடந்த விதம். வகுப்பில் நடத்தலாம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தாதை லாமாக்கள் ஆலைக்குச் சுமந்துவரும். ஆலையில் நீர்ச்சக்கரம் சுழலும். அதன் அச்சில் உள்ள பற்கள் இரும்புப் பூண் போட்ட கனத்த உலக்கைகளை வரிசையாகத் தூக்கித் தூக்கி விடும். தாது மாவாக வேண்டும். கம்பிச் சல்லடையில் சலித்து, தங்கும் கப்பியைத் திரும்ப உலக்கைக்குப் போடுவார்கள். மாவு கரடாக இருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளியைப் பாதரசம் தொடாது. பிற்பாடு என்ன செய்தாலும் அந்த இழப்பு மீளாது. உலர்ந்த கல்லை இடிப்பதால் எழும் தூசிதான் ஆலை ஆட்களைக் கொன்றது. சிலிக்கா நுரையீரலில் படிந்து சில ஆண்டுகளில் மூச்சு நின்றுவிடும்.

மாவைக் கல் பதித்த பெட்டிகளில் கொட்டுவார்கள். ஒரு பெட்டிக்கு 50 கிண்டால், நம் கணக்கில் 2,300 கிலோ. (அன்றைய ஸ்பானியக் கிண்டால் 46 கிலோ, நம் குவிண்டாலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அதற்கு 5 கிண்டால் உப்பு. தண்ணீர் விட்டுக் குழைத்தபின், துணியில் பாதரசத்தை வைத்துப் பிழிந்து மேலே தூவுவார்கள். துணியின் இழைகள் வழியாக வருவதால் அது நுண்ணிய பனித்துளிகளாக விழுந்து எங்கும் பரவும். மெக்சிகோவின் பிற்கால வழக்கத்தில், தாதில் எவ்வளவு வெள்ளி இருக்கும் என்று மதிப்பிட்டு அதைப்போல் சுமார் ஆறு மடங்கு எடைக்குப் பாதரசம் இடுவார்கள். பிறகு குயவர் மண் மிதிப்பதுபோல வெறுங்காலோடு ஆட்கள் அதை மிதிக்க வேண்டும். நாள்கணக்கில், பாதரசச் சேற்றில், அந்தக் குளிரில். மெக்சிகோவில் பிற்காலத்தில் கோவேறு கழுதைகளை இறக்கினார்கள்.

வேதிவினைக்குச் சூடு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பொட்டோசியின் குளிரில் 20 நாளுக்கு மேல் இழுத்தது. பெட்டிக்குக் கீழே தீ போட்டால் ஐந்தாறு நாளில் முடிந்தது. ஆனால் மரமே வளராத மேட்டுநிலத்தில் விறகுக்கு எங்கே போவது? தீயால் பாதரசமும் அதிகம் வீணானது. கொஞ்ச காலத்தில் தீயை விட்டுவிட்டு வெயிலை நம்பினார்கள்.

சேர்க்கும் பொருள்களில் இன்னொன்றும் உண்டு, மஹிஸ்த்ரால். செம்புத் தாதை வறுத்துக் கிடைக்கும் தூள். அதில் வேலை செய்வது நம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். உப்போடு சேர்ந்து இது காப்பர் குளோரைடாகி, சல்ஃபைடாக இருக்கும் வெள்ளியைக் குளோரைடாக மாற்றுகிறது. பாதரசம் அந்தக் குளோரினைப் பிடுங்கிக்கொள்ள, விடுபட்ட வெள்ளி மீதிப் பாதரசத்தில் கரைகிறது. அன்று யாருக்கும் இந்தச் சமன்பாடு தெரியாது. தாதுக்குச் சூடு, குளிர் என்ற குணங்கள் உண்டு என்று நினைத்துத்தான் மருந்து கொடுத்தார்கள். ஆனாலும் சரியாகவே கொடுத்தார்கள். அசோகேரோ எனப்பட்ட பாதரச மேற்பார்வையாளர் தினமும் கொஞ்சம் சேற்றை எடுத்துச் சிறு கிண்ணத்தில் கழுவிப் பார்ப்பார். பாதரசம் பளபளவென்று அப்படியே இருந்தால் கலவை ‘குளிர்ந்து’ கிடக்கிறது, வினை நடக்கவில்லை, மஹிஸ்த்ரால் போட வேண்டும். பாதரசம் கறுத்துச் சாம்பல் நிறத் தூளாக உடைந்திருந்தால் ‘சூடேறிவிட்டது’, மஹிஸ்த்ரால் மிகை. அது வெள்ளியை விட்டுவிட்டுப் பாதரசத்தையே தின்கிறது. உடனே சுண்ணாம்போ சாம்பலோ போட்டுத் தணிக்க வேண்டும். அரைநாள் தாமதித்தால் பாதரசம் கண்ணுக்குத் தெரியாத பொடியாகிக் கழுவும் நீரோடு போய்விடும், தன்னோடு வெள்ளியையும் கொண்டுபோய்விடும். ஆலை முதலாளி பிழைப்பதும் கடனில் மூழ்குவதும் இந்தக் கிண்ணத்தைப் படிக்கத் தெரிந்தவரின் கண்ணில் இருந்தது.

பதம் வந்ததும் சேற்றைத் தொட்டிகளில் கொட்டித் துடுப்பால் கலக்கி நீர் விடுவார்கள். மண் போய்விடும், கனமான ரசக்கலவை அடியில் தங்கும். அதைத் துணிப்பையில் கட்டி முறுக்கினால் உபரிப் பாதரசம் வழியும். உள்ளே நிற்கும் பிசுபிசுத்த உருண்டையில் வெள்ளி நாலில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரைதான். உருண்டைகளைக் கூம்பு அச்சில் அடித்து, மண் மூடி கவிழ்த்து, மேலே தீ மூட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிக் கீழே உள்ள நீரில் குளிர்ந்து திரும்பக் கிடைக்கும். மூடியில் விரிசல் இருந்தால் ஆவி அறைக்குள் வரும். தீ மூட்டுகிறவர்களுக்குக் கை நடுங்கும், வாயில் எச்சில் ஒழுகும், பல் ஆடும். மிஞ்சும் வெள்ளி, துளைத் துளையாக, அன்னாசி வடிவில் இருக்கும். அன்னாசியின் ஸ்பானியப் பெயரான பீன்யா என்றே அதைச் சொன்னார்கள். நடுவில் பாதரசத்தையோ மண்ணையோ மறைத்து வைத்து எடை கூட்டுவதும் நடந்தது. அதனால் பரிசோதகர் உடைத்துப் பார்ப்பார். பிறகு உருக்கிக் கட்டியாக்கி, ஐந்தில் ஒரு பங்கை அரசருக்கு எடுத்துக்கொண்டு முத்திரை குத்துவார்கள். 

மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுக்கத்தக்க இடம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு வெள்ளி அணுவை விடுவிக்க ஒரு பாதரச அணு குளோரினோடு போகிறது. உண்டாவது கலோமல், நம் சித்த மருத்துவர்கள் பூரம் என்று சொல்வது. அணு எடைகளை வகுத்துப் பாருங்கள், 200.6ஐ 107.9ஆல். 1.86 வருகிறது. அதாவது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கிலோ வெள்ளிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ பாதரசம் போயே தீரும். ஆவியாகத் தப்பியது இதற்கு மேல். போன பாதரசத்தின் பெரும்பகுதி காற்றில் கலக்கவில்லை, கழுவும் நீரோடு ஆற்றில் இறங்கியது என்பதும் இந்தச் சமன்பாட்டிலிருந்தே தெரியும்.

ஸ்பானிய அரசுக்குச் சமன்பாடு தெரியாவிட்டாலும் விகிதம் தெரிந்திருந்தது. மெக்சிகோவில் ஒரு கிண்டால் பாதரசத்துக்கு 100 மார்க் வெள்ளி என்று வைத்திருந்தார்கள். ஒரு மார்க் 230 கிராம். 46 கிலோவுக்கு 23 கிலோ. உங்கள் மாணவர்கள் போடும் கணக்குக்கு மிக அருகில். இந்த விகிதத்தை வைத்துத்தான் வரி ஏய்ப்பைப் பிடித்தார்கள். பாதரசம் அரசின் ஏகபோகம். வான்காவெலிக்காவில் எடுத்தது முழுவதையும் அரசுக்கே நிர்ணயித்த விலையில் விற்க வேண்டும், ஆலைக்காரர் அரசிடமே வாங்க வேண்டும். இத்தனை கிண்டால் வாங்கினாயே, அதற்குரிய வெள்ளி முத்திரைக்கு வரவில்லையே என்று கேட்க முடியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லீமாவில் இருக்கும் அரசப் பிரதிநிதி, கடைசி ஆலை வரைக்கும் கண்காணிக்க இதைவிட வசதியான வழி இல்லை.

குவைராக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். களிமண் உலை வைக்க மூலதனமே தேவையில்லை. நீர்ச்சக்கரம், உலக்கைகள், கல் பெட்டிகள், அரசிடம் கடனுக்கு வாங்கும் பாதரசம் இவையெல்லாம் ஸ்பானியருக்கே எட்டின. பத்தாண்டுகளுக்குள் வெள்ளி எடுக்கும் தொழில் ஆண்டிஸ் மக்களின் கையைவிட்டுப் போனது. உருக்குபவர்களாக இருந்தவர்கள் சுமப்பவர்களாகவும் மிதிப்பவர்களாகவும் ஆனார்கள். வென்றபின் நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்த இரண்டாவது தோல்வி என்று இதைச் சொல்வேன். இதற்குப் போர் எதுவும் தேவைப்படவில்லை.

ஆலைகளுக்கு நீர் வேண்டும், அங்கே மழை சில மாதங்கள்தான். நகரத்துக்கு மேலே காரி காரி மலைத்தொடரில் அணைகள் கட்டி ஏரிகளைத் தேக்கி, நகரின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் இரு கரையிலும் ஆலைகளை வரிசையாக வைத்தார்கள். 1626 மார்ச்சில் சான் இல்தெஃபோன்சோ அணை உடைந்து ஆலைகளில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் தொகையில் ஆவணங்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆலைகளில் குவிந்திருந்த பாதரசமும் அதே வெள்ளத்தில் கீழ்நோக்கிப் போனது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ 1573இல் மித்தா முறையைப் பொட்டோசிக்கு ஒழுங்குபடுத்தினார். மித்தா இன்காக்கள் காலத்து வழக்கம். ஒவ்வொரு ஊரும் முறைவைத்து அரசுக்கு உழைக்கும், அரசு சோறும் மதுவும் துணியும் கொடுக்கும். தொலேதோ பெயரை வைத்துக்கொண்டு உள்ளீட்டை மாற்றினார். கூஸ்கோ பக்கத்திலிருந்து தெற்கே வரை பதினாறு மாகாணங்கள், 18 முதல் 50 வயது வரையான ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்கு சுமார் 13,500 பேர். மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு. தித்திகாக்கா ஏரிக்கரைச் சுக்குய்த்தோவிலிருந்து குடும்பம், லாமாக்கள், உணவு மூட்டைகளோடு நடந்துவர இரண்டு மாதம். கூலி உண்டு: சுரங்கத்தில் நாளுக்கு 3½ ரியால் (ஸ்பானிய வெள்ளிக்காசு), ஆலையில் 2¾. வழிச்செலவுக்கும் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது, பெரும்பாலும் கொடுக்கவில்லை. தானாக வந்து வேலை செய்யும் மிங்காக்களுக்குக் கூலி இதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும். பொட்டோசியில் சாப்பாட்டு விலை மிக அதிகம். மித்தா ஆள் ஓய்வு வாரத்தில் மிங்காவாகப் போய் உழைத்தால்தான் குடும்பம் சாப்பிட முடியும். ஆகவே காகிதத்தில் இருந்த ஓய்வு வாரம் காகிதத்திலேயே நின்றது.

உள்ளே இறங்கும் ஏணியை 16ஆம் நூற்றாண்டின் ஏசுசபைத் துறவி ஒருவர் விவரித்திருக்கிறார். முறுக்கிய தோல் வடங்கள் மூன்று, இடையே குறுக்குக் கட்டைகள். அதனால் ஒரு பக்கம் ஏறலாம், மறுபக்கம் இறங்கலாம். ஏறுகிறவர் தாதைப் போர்வையில் கட்டி, முடிச்சை மார்பில் போட்டு முதுகில் சுமப்பார். சுமை 23 கிலோ. முன்னால் போகிறவர் கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டியிருப்பார், இரண்டு கையும் ஏணிக்கு வேண்டுமே. அடியில் வியர்த்த உடம்போடு மேலே உறைபனிக் காற்றுக்கு வருவதால் நுரையீரல் காய்ச்சலில் இறந்தவர்களும் உண்டு.

எண்பது லட்சம் என்ற எண்ணை வகுப்பில் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு 13,500 பேரை, மித்தாவை ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம் நீக்கிய 1812 வரை, 240 ஆண்டுகளால் பெருக்கினாலும் முப்பத்திரண்டு லட்சம் முறைதான். ஒரே ஆள் பல முறை வந்திருக்கிறார். அதோடு 13,500 நெடுநாள் நீடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது நாலாயிரத்தைச் சுற்றிக் குறைந்துவிட்டது. வந்தவர் அனைவரும் இறந்தார்கள் என்று வைத்தாலும் எண்பது லட்சம் வராது. தப்பான எண்ணைச் சொன்னால் அதைக் கலைப்பவர், நடந்த கொடுமையையும் சேர்த்துக் கலைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

உண்மையான இழப்பைத் தேட வேண்டியது ஊர்களில். இன்றைய பெருவின் எல்லைக்குள் 1520இல் சுமார் 90 லட்சம் பேர் இருந்து 1620இல் ஆறு லட்சமாகக் குறைந்தார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு பெரியம்மை, தட்டம்மை போன்ற கொள்ளைநோய்களால். மித்தா இந்தச் சரிவின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஊரில் ஆள் குறைந்தாலும் கொடுக்க வேண்டிய ஆள்கணக்கு குறையவில்லை. பொட்டோசிக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் இறந்திருக்கலாம், அங்கேயே தங்கியிருக்கலாம், அல்லது மித்தா இல்லாத மாகாணத்துக்கு ஓடி, நிலமும் சொந்தமும் இல்லாத வெளியாளாக வாழ்ந்திருக்கலாம். எப்படியானாலும் ஊரில் ஒரு வயல் தரிசு. மிஞ்சியவர்களுக்கு ஏழாண்டுக்கு ஒருமுறை வர வேண்டிய முறை மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்தது. ஆள் தர முடியாத குராக்கா, அதாவது ஊர்த் தலைவர், ஆளுக்குப் பதில் பணம் கட்டினார். ஆலை முதலாளிகள் பலர் அந்தப் பணத்தில் ஆள் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அப்படிப் பணமாக மாறிய ஆட்களுக்கு ‘சட்டைப்பை இந்தியர்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. 

வான்காவெலிக்கா பொட்டோசியைவிட மோசம். அங்கே தாதே விஷம். ஆழத்தில் காற்றோட்டம் இல்லாமல் தூசியும் ஆவியும் தேங்கின. அதைச் சரிசெய்யப் பெலேன் சுரங்கப்பாதையை 1606இல் தொடங்கினார்கள், முடிந்தது 1642இல். முப்பத்தாறு ஆண்டுகள் அரசு பாதரசத்தை நிறுத்தாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சுரங்கம் காலனிக் காலம் முழுவதும் கொடுத்தது சுமார் 50,000 டன் பாதரசம். மகனுக்கு மித்தா வரக்கூடாது என்று தாய்மார் குழந்தையின் கை காலை முடமாக்கினார்கள் என்ற குறிப்புகள் அந்த ஊரைப் பற்றித்தான் வருகின்றன.

இவ்வளவும் செய்து ஸ்பெயின் அரசு பணக்கார அரசானதா என்றால் அதுவும் இல்லை. 1557, 1575, 1596, 1607, 1627, 1647 என்று கடனைத் திருப்ப முடியாமல் கைவிரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளி வருவதற்கு முன்பே அதை ஈடுகாட்டிப் போருக்குக் கடன் வாங்கிவிட்டார்கள். 1640களில் பொட்டோசி நாணயச் சாலையிலேயே வெள்ளியில் செம்பைக் கூட்டி மோசடி நடந்தது. ஐரோப்பியச் சந்தைகள் பெருவின் நாணயத்தை வாங்க மறுத்தன. கோமெஸ் தே லா ரோச்சா என்ற பெரும் வணிகரையும் நாணயப் பரிசோதகரையும் 1650இல் மரண தண்டனை கொடுத்துக் கொன்றார்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆம், வந்தது, இரண்டு வழியாக. ஐரோப்பா சோழமண்டலத் துணியை விரும்பியது. பதிலுக்குக் கொடுக்க இந்தக் கரை ஏற்கும் சரக்கு அவர்களிடம் அதிகம் இல்லை. எனவே பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்களும் தரங்கம்பாடிக்கு வந்த டேனியர்களும் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்களும் பெட்டி பெட்டியாக ஸ்பானிய எட்டு ரியால் நாணயங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றின் எடை சுமார் 27 கிராம். இங்கே பெரிய கொடுக்கல் வாங்கல் தங்க வராகனில் நடந்ததால், ரியாலை எடை போட்டு விற்று வராகனாக மாற்றி நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தார்கள். மற்ற வழி கிழக்கிலிருந்து. மெக்சிகோவின் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஆண்டுதோறும் வெள்ளிக் கப்பல் வரும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக் கப்பல்கள் துணியை ஏற்றி மணிலாவுக்குப் போய் வெள்ளியோடு திரும்பின. ஸ்பானியர் ஆங்கிலேயரை அங்கே அனுமதிக்காததால் ஆர்மேனிய, போர்த்துகீசிய வணிகர்களின் பெயரில் போனார்கள். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது கப்பற்படை புறப்பட்டதும் சென்னையிலிருந்துதான். மதராஸ் சிப்பாய்களும் அதில் போனார்கள்.

அந்த ஆர்மேனியர்களில் மணிலா வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்தவர் பெட்ரஸ் உஸ்கான். 1726இல் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டியவர். இன்றைய மறைமலையடிகள் பாலம் அதே இடத்தில் நிற்கிறது. பரங்கிமலைப் படிகளுக்கும் அவரே பணம் கொடுத்தார். மாணவர்களிடம் சொல்லும்போது ஒரு திருத்தத்தோடு சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் மணிலாவுக்கு வந்த வெள்ளியில் பெரும்பகுதி மெக்சிகோவினுடையது. பொட்டோசி அதற்குள் தளர்ந்துவிட்டது. பொட்டோசி வெள்ளியை இந்தக் கரையில் தேடுவதானால், அதற்கு முந்தைய நூற்றாண்டில் பழவேற்காட்டுக்கு வந்த ரியால்களில்தான் தேட வேண்டும்.